ஆள் புழங்கும் வண்டி

கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை வரவில்லை. காய்ந்த ஆயில், எலிப் புழுக்கை, வெயிலில் வெந்த ரப்பர் என்று பூட்டிக் கிடந்த எந்தக் காரிலும் முதலில் மூக்கில் அறைகிற எதுவும் வரவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு வந்த பெண் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் வருமே, சீயக்காயும் ஈர முடியும் கலந்த ஒரு வாசனை, அதுதான் வந்தது. ரோஸ்லின் ஒரு கையில் கேமராவும் மறு கையில் கதவுப் பிடியுமாக அப்படியே நின்றாள்.

"இது கடைசியா எப்ப சார் வெளிய போச்சு?"

"எண்பத்து மூணு, ஜூன் மாசம்," என்றார் ஜகதீசன். "அதுக்கப்புறம் இந்த ஷெட்டைத் தாண்டல."

இருபத்தாறு வருடம். அவளைவிட நான்கு வருடம் மூத்த பூட்டு.

எழுபதைத் தாண்டிய, ஆறடி உயர மனிதர் அவர். மத்திய அரசு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் முப்பது வருடம் துருவைப் பற்றியே ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்று, செகந்திராபாத் பக்கம் தார்நாகாவில் சொந்த வீட்டில் மனைவி கல்பகத்தோடு இருந்தார். வாலிபத்தில் ஜெர்மனிக்குப் படிக்கப் போனவர் அங்கே செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த கார் இது. 1969ஆம் வருடத்து போர்ஷே 911. மழைக்கு முந்தின வானத்தின் சாம்பல் நிறம். இடது பக்க ஸ்டீயரிங். முன்னால் டிக்கி, பின்னால் எஞ்சின். டயர் தரையில் அழுந்தி வடிவம் கெடாமலிருக்க நான்கு மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். குரோமியத்தில் ஒரு புள்ளி இல்லை. ரப்பரில் ஒரு வெடிப்பு இல்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள் என்ற முறையில் ரோஸ்லினுக்கு அது பிடிக்கவில்லை. உலோகம் என்றால் கெட வேண்டும். கெடாத உலோகத்தைப் பார்த்தால் சந்தேகம்தான் வந்தது.

உப்பலில் பழைய கார் விற்கும் ஜெயராமிடம் அவளுக்கு வேலை. வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்து, நிறைகுறை எழுதி, இணையதளத்தில் விளம்பரம் போட வேண்டும். இதற்காகவா அவள் படித்தாள்? சாத்தூரில் அவள் குடும்பத்திலேயே முதல் டிகிரி அவளுடையது. பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று கல்லூரிக்கே வந்து ஆர்டர் கொடுத்தது. தெரு முழுக்க லட்டு கொடுத்தாள் அம்மா. அப்புறம் அமெரிக்காவில் ஏதோ வங்கி விழுந்ததாம், இங்கே சேரும் தேதி மூன்று முறை தள்ளிப்போனது. நான்காவது முறை மெயில்கூட வரவில்லை. ஊருக்குத் திரும்பினால் அம்மாவுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. 'ஆறு மாசம் பாக்கலாம்' என்று ஜெயராம் கொடுத்த கெடு இந்த மே மாதத்தோடு முடிகிறது. இந்தக் காரை விற்றுக் காட்டினால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார். விற்காவிட்டால் சாத்தூருக்கு டிக்கெட்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கால் பெடலை எட்டியது.

அவள் நாலடி பதினொரு அங்குலம். ஜெயராமின் யார்டில் எந்தக் காரில் ஏறினாலும் முதலில் சீட்டை முன்னால் இழுப்பாள், முதுகுக்குப் பின்னால் பையை வைப்பாள். இங்கே இரண்டும் தேவைப்படவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவளுடைய கண்கள் நேராக அவளைப் பார்த்தன.

"சரியா இருக்கா?" என்று ஷெட் வாசலிலிருந்து கேட்டாள் கல்பகம். கையில் மோர்த் தம்ளர். "நீ எவ்வளவு உயரம்மா?"

"நாலு பதினொண்ணு."

கிழவரும் கிழவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்த ஊரு?"

வந்துவிட்டது என்று நினைத்தாள் ரோஸ்லின். ஊர், தெரு, அப்பா பெயர், கடைசியில் சாதி. இந்த வரிசை அவளுக்கு மனப்பாடம். ஆனால் கல்பகம் வேறு வழியில் போனாள். உப்பலில் ஹாஸ்டலா, ரூமில் எத்தனை பேர், வீட்டுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை போன் பேசுவாள், இரண்டு நாள் பேசாவிட்டால் யாராவது தேடுவார்களா. மோர் குளிர்ச்சியாக இருந்தது. அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். யாரும் தேட மாட்டார்கள் என்று சொல்லும்போது எரிச்சல்தான் வந்தது, வேறொன்றும் தோன்றவில்லை.

"எப்படி சார் துருப் பிடிக்காம வச்சிருக்கீங்க? விளம்பரத்துல எழுதணும்."

"ஒரு வீடு பூட்டியே கிடந்தா என்ன ஆகும்?"

"பாழாப் போயிரும்."

"அதேதான். சிலிக்கா ஜெல், கிரீஸ், கவர் எல்லாம் அப்புறம். ஆள் புழங்கணும். ஆள் புழங்கினா எதுவும் கெடாது. இதை நான் பேப்பரா எழுதினா எவன் போடுவான்?" சிரித்துக்கொண்டே ஒரு கெட்டி அட்டை நோட்டை நீட்டினார். "மீட்டர் என்ன காட்டுது, பாரு."

"அறுபத்தோராயிரத்து இருநூத்து நாலு."

"எழுதிக் கையெழுத்துப் போடு. யாரு ரீடிங் பாத்தாங்களோ அவங்க போடணும். அது லேப் பழக்கம்."

தேதி, வெப்பம், ஈரப்பதம், கிலோமீட்டர், கையெழுத்து. ஒவ்வொரு நாளும் ஒரு வரி. கிலோமீட்டர் பத்தியில் மேலிருந்து கீழ்வரை 61204, 61204, 61204. கையெழுத்துப் பத்தியில் பகவதி, பகவதி, பகவதி. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின கையெழுத்து போல உருண்டையாக, ஒரே அளவில்.

"பகவதி யாரு?"

"லேபுக்கு ரீடிங் எடுக்க ஊர்லேர்ந்து கூட்டிட்டு வந்தோம்," என்றாள் கல்பகம். "எஸ்.எஸ்.எல்.சி. முடிச்ச பொண்ணு, உன்னை மாதிரிதான். அவங்க வீட்லயே மொத மொத படிச்சவ. இங்க வந்து ஒருநாள் லீவு போட்டதில்ல."

"ஞாயித்துக்கிழமைகூடவா?"

"ஒருநாள்னா ஒருநாள்கூட இல்லம்மா. பாவம், ஊருக்குப் போகணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா. மாத்து ஆள் கிடைச்சாத்தானே அனுப்ப முடியும்?"

ரோஸ்லினுக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. வீட்டுக்குள் எங்கோ ஒரு நடுத்தர வயதுப் பெண், ஞாயிற்றுக்கிழமைகூட இல்லாமல், இந்தக் காரின் காய்ச்சலை அளந்துகொண்டிருக்கிறாள். கேட்டுவிடலாமா என்று நாக்கின் நுனிவரை வந்தது. மே மாதம் முடிய பதினெட்டு நாள் இருந்தது. வாயை மூடிக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

அவள் வீட்டில் ரேஷன் கடையிலிருந்து வங்கிவரை எல்லோரும் கைநாட்டு. தன் கையெழுத்தின் மேல் அவளுக்கு ஒரு திமிர் உண்டு. கொரியர்காரன் நீட்டுகிற தாளில்கூட முழுப்பெயர் எழுதி, கடைசி எழுத்தை வளைத்து இழுத்து, அடியில் ஒரு கோடு போட்டால்தான் திருப்தி. அப்படியே போட்டாள்.

கிழவர் மையை ஊதி உலர்த்தினார். அப்போது காரின் உள்ளே, வலது பக்க சீட்டில், ஸ்பிரிங் ஒன்று மெல்ல முனகியது. உட்கார்ந்திருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தால் முனகுமே, அந்த மாதிரி.

*

விளம்பரம் போட்ட மூன்றாம் நாள் பிரசன்னா என்பவர் போன் செய்தார். சென்னைக்காரர், ஹைடெக் சிட்டியில் பெரிய பதவி. மனைவியோடு அடுத்த சனிக்கிழமை மூன்றரை மணிக்கு வந்து பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் அன்றே முடித்துக்கொள்வதாகவும் சொன்னார். அதற்கு முன்னால் மீட்டரைக் கிட்டத்தில் எடுத்து ஒரு படம் வேண்டுமாம்.

ஜெயராம் பிறந்ததே செகந்திராபாதில். தமிழ் அவருக்கு வீட்டில் மட்டும் போட்டுக்கொள்ளும் லுங்கி. வெளியே பேச்சில் உருது கலந்து வரும். "ஹவ்! கலக்கிட்டே ரோஸ்லின். திங்கள்கிழமை போய் படம் எடு. எழுதும்போது நாப்பதாயிரம்னு எழுதலாமா? மீட்டரச் சுத்தி விட்டுரலாம்."

"அதெல்லாம் மாத்த மாட்டேன் சார். என் பேர் போட்ட விளம்பரம்."

"அரே, கைக்கு? எதுக்கு இவ்வளவு கோபம்? ஜோக்கும்மா."

ஹாஸ்டலில் அன்று தண்ணீர் இல்லாத நாள். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். வேலை முடிந்து ஏழு மணிக்கு அறைக்குள் நுழைந்தவளை ரூம்மேட் ஆக்னஸ் முறைத்துப் பார்த்தாள். தூத்துக்குடிக்காரி, வாய்க்கு வரி கட்டாதவள்.

"ஏட்டி, என்ன கொழுப்பு உனக்கு? நாலு மணிக்குக் கூப்பிடுறேன், கூப்பிடுறேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"நாலு மணிக்கு நான் ஆபீஸ்ல இருந்தேன்."

"யாருகிட்ட கத விடுத? என் கட்டில்ல உக்காந்து சன்னலப் பாத்துத் தலை காய வச்சிட்டிருந்த. தண்ணியே இல்லாத நாள்ல உனக்கு மட்டும் எங்கட்டி கெடச்சுது?"

ரோஸ்லின் தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு நாள் வியர்வையில் பிசுபிசுத்தது. பிறகு ஆக்னஸின் கட்டிலைத் தொட்டாள். போர்வையில் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு ஈரம். ஜன்னல் கம்பியில் நீளமாக ஒற்றை முடி சுற்றியிருந்தது. அறை முழுக்க, மின்விசிறி சுற்றச் சுற்ற, சீயக்காய்.

*

திங்கள்கிழமை மத்தியானம் தார்நாகாவில் வெயில் சுவர்களில் வழிந்தது. ஷெட்டுக்குள் மட்டும் கிணற்றுக்குள் இறங்கினது போன்ற குளிர், அதில் மரக்கட்டையும் மெழுகும் ஈரத் துணியும் கலந்து வர, எங்கோ மூலையில் ஒரு சொட்டு, நெடுநேரம் கழித்து இன்னொரு சொட்டு, காய வைத்த முடியின் நுனியிலிருந்து விழுவது போல நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. ரோஸ்லின் அந்தச் சத்தத்தைத் தேடிப் போகவில்லை. கதவைத் திறந்து உள்ளே எட்டி, மீட்டரில் கேமராவை வைத்தாள்.

61264.

கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். 61264.

அவளுக்குள்ளிருந்த இன்ஜினியர் முதலில் பேசினாள். கட்டை மேல் நிற்கும் வண்டி. வாரம் ஒருமுறை எஞ்சினை ஓட விடுகிறார்கள். கியரில் போட்டு ஓட விட்டிருந்தால் சக்கரம் அந்தரத்தில் சுற்றியிருக்கும், மீட்டர் ஏறியிருக்கும். அவ்வளவுதான். குனிந்து பின் டயரைப் பார்த்தாள். அதன் பள்ளங்களில் புதுத் தார் அப்பியிருந்தது, பொடிக் கருங்கல்லோடு. விரலால் தொட்டாள். ஒட்டியது. அதே தார் அவளுடைய செருப்பின் அடியிலும் இருந்தது. ஹாஸ்டல் சந்தில் ஐந்து நாளாகத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெஞ்சின் மேல் நோட்டு விரித்திருந்தது.

புதன் 61204. அவள் போட்ட கையெழுத்து.

வியாழன் 61216. அவள் கையெழுத்து.

வெள்ளி 61228. சனி 61240. ஞாயிறு 61252. இன்று 61264. எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. கடைசி எழுத்தின் வளைவு, அடிக்கோடு, எல்லாம். வியாழக்கிழமைக் கையெழுத்து கொஞ்சம் உருண்டையாக, பழகாத கை எழுதியது போல இருந்தது. வெள்ளிக்கிழமை தேறியிருந்தது. இன்றைய கையெழுத்தை அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

"சார்!"

ஜகதீசன் நிதானமாகத்தான் வந்தார்.

"என்ன சார் இது? என் கையெழுத்த எவன் போட்டது?"

"எவனும் போடலம்மா. பகவதிக்கு எதையும் சட்டுனு பழகிக்கிற புத்தி."

"அந்தப் பகவதிய வரச் சொல்லுங்க. நான் பேசணும்."

"அவ எங்கயும் போகலையே. இங்கதானே இருக்கா."

ரோஸ்லின் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள். பெஞ்ச், வெப்பமானி, கார். மீண்டும் பெஞ்ச், வெப்பமானி, கார். காரின் ஜன்னல்கள் ஏற்றியிருந்தன. வலது பக்கக் கண்ணாடியில், உள்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது சுருங்கியது. மறுபடி விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

"உப்பல் இங்கிருந்து எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று பின்னாலிருந்து கேட்டாள் கல்பகம்.

"ஆறு," என்றாள் ரோஸ்லின். தானாக வந்தது. "ஆறு கிலோமீட்டர்."

போக ஆறு. வர ஆறு.

"வழி தெரிஞ்சுக்க வேண்டாமா? பட்டிக்காட்டுப் பொண்ணு. இருபத்தாறு வருஷமா வாசலையே பாத்ததில்ல."

பஸ் நிறுத்தம்வரை அவள் ஓடினாள்.

*

"நான் அந்த வீட்டுக்கு இனி போக மாட்டேன் சார்."

ஜெயராம் கால்குலேட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நக்கோ போகாதே. சாத்தூருக்கு எந்த டிரெயின்?"

"அந்தக் கார்ல யாரோ இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்களுக்கும் சேத்து வெலை சொல்லு." பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ரோஸ்லின், பார். பழைய வண்டி, பழைய ஜனம், தனி வீடு. பயம் வரும். சனிக்கிழமை நானும் வரேன், சரியா? நீ தூரமா நில்லு. பார்ட்டி ஓகே சொன்ன அஞ்சாவது நிமிஷம் உன் ஆர்டர்ல சைன் பண்றேன். டைப் அடிச்சாச்சு."

இழுப்பறையைத் திறந்து காட்டினார். கம்பெனி தாளில் அவள் பெயர், கீழே சம்பளம், வருட விடுப்பு பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாள் விடுப்பு என்று எழுதியிருந்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள்.

அந்த வாரம் முழுக்க ஆபீஸிலேயே இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். அறைக்குப் போனதும் ஆக்னஸ் என்ன சொல்லப்போகிறாள் என்று பயந்தாள். ஆக்னஸ் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும், சோற்றைப் பிசைந்துகொண்டே, "இப்பல்லாம் சாயங்காலத்துல நீ நல்லாப் பேசுதட்டி. மொதல்ல மாதிரி எரிஞ்சு விழல," என்றாள்.

ரோஸ்லின் தட்டைத் தள்ளி வைத்தாள். நாளைக்கு ஒருநாள். உட்கார மாட்டேன். தொட மாட்டேன். தூரமாக நிற்பேன். கையெழுத்து, ஆர்டர், முடிந்தது.

*

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு பிரசன்னாவும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாள் பச்சைப் பட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக, ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் இறங்கினவள் போல இருந்தாள். பிரசன்னா காரைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் குனிந்து குரோமியத்தில் தன் முகத்தைப் பார்த்தார்.

"சார், இது மியூசியத்துலகூட இப்படி இருக்காது."

"புழங்கின வண்டி," என்றார் ஜகதீசன் அடக்கமாக.

ரோஸ்லின் ஷெட் வாசலில், வெயிலும் நிழலும் பிரியும் கோட்டில் நின்றாள். அங்கிருந்தே அவளுக்கு வாசனை தெரிந்தது. ஜன்னல்களைப் பார்க்காமல் ஜெயராமின் சட்டைப் பையைப் பார்த்தாள். நான்காக மடித்த வெள்ளைத் தாள் ஒன்று அங்கே எட்டிப் பார்த்தது.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க," என்றார் பிரசன்னா. "நான் பின்னால நின்னு சத்தம் கேக்கணும். புகை எப்படி வருதுன்னு பாக்கணும்."

பழைய கார் வாங்குகிற எல்லோரும் கேட்பதுதான். ஜெயராம் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். தொந்தி ஸ்டீயரிங்கில் மாட்டியது. இன்னொரு முறை முயன்றார். பின்பக்கமாக நுழையப் பார்த்தார். பட்டுச்சேலைக்காரி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"சீட்டைப் பின்னால தள்ளுங்க சார்."

"நகரல."

"அது நகராது," என்றார் ஜகதீசன். "அந்த அளவுக்குத்தான் வச்சது."

"உங்களுக்கு?"

"என் முழங்கால் மடங்காதுப்பா."

எல்லோரும் ரோஸ்லினைப் பார்த்தார்கள். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஜெயராம் பக்கத்தில் வந்தார். வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

"ஒரு நிமிஷம்மா. சாவியத் திருப்பு, எறங்கிடு. கதவத் தொறந்தே வெச்சுக்கோ. வந்த பார்ட்டிய அனுப்பிட்டு நாளைக்கு நான் வேற ஆள் தேடவா?" சட்டைப் பையை ஒருமுறை தட்டினார்.

ஒரு நிமிஷம். அம்மா ஒரு நிமிடத்தில் எத்தனை தீப்பெட்டி ஒட்டுவாள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நிமிஷம்தானே. கதவு திறந்திருக்கும். பட்டப்பகல். ஐந்து பேர் சுற்றி நிற்கிறார்கள்.

அவள் உள்ளே உட்கார்ந்தாள். இடது காலை வெளியே, சிமெண்ட் தரையில் ஊன்றிக்கொண்டாள். வலது பக்கம் பார்க்கவில்லை. சாவித் துவாரம் ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம் இருந்தது. சாவி குளிர்ந்திருந்தது. கிளட்சை மிதிக்க வேண்டும். இடது கால் வேண்டும்.

காலை உள்ளே எடுத்தாள்.

எஞ்சின் முதல் திருப்பலிலேயே பிடித்தது. முதுகுக்குப் பின்னால் கரகரவென்று, தொண்டையைச் செருமிக்கொண்டு. பிரசன்னா கைதட்டினார். பேசிக்கொண்டே, எதையும் கவனிக்காதது போல, கல்பகம் கதவைச் சாத்தினாள்.

சத்தம் நின்றது.

எஞ்சின் ஓடியது. ஊசி ஆடியது. சத்தம் மட்டும் இல்லை. பிரசன்னாவின் வாய் அசைந்தது. ஜெயராமின் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சொட்டு கேட்டது. பக்கத்து சீட்டில்.

கதவுப் பிடியை இழுத்தாள். வந்தது. கதவு வரவில்லை.

இன்னொரு சொட்டு.

ஈரமான ஏதோ அவள் தோளில் படிந்தது. முடி. நீளமான முடி. பிறகு ஒரு மூச்சு. சூடாக. காதுக்குப் பக்கத்தில். அந்த மூச்சு பேசியது. ரோஸ்லினின் குரலிலேயே பேசியது, சாத்தூர் இழுவையோடு.

"கொஞ்சம் தள்ளிக்கோக்கா. எறங்கணும்."

அவள் தள்ளிக்கொள்ளவில்லை. ஆனால் யாரோ அவள் வழியாகப் போனார்கள். நெஞ்சு வழியாக, வயிறு வழியாக, கால் வழியாக. குளிர்ந்த தண்ணீர் ஒரு மண்பானைக்குள் ஊறி வெளியே கசிவது போல. முழுசாகப் போய் முடிய நேரமானது.

கதவு திறந்தது. ஒரு பெண் இறங்கினாள்.

நாலடி பதினொரு அங்குலம். ரோஸ்லினின் நீலச் சுடிதார். ரோஸ்லினின் அடையாள அட்டை கழுத்தில். ரோஸ்லினின் முகம். வெறுங்கால். தலைமுடி மட்டும் இடுப்புக்குக் கீழே, சொட்டச் சொட்ட. கதவைச் சாத்திவிட்டு அவள் கண்களைச் சுருக்கி வெயிலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

ரோஸ்லின் கண்ணாடியில் அறைந்தாள். இரண்டு கையாலும். அலறினாள். தொண்டை அசைவது அவளுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான்.

வெளியே ஜெயராம் அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் சிரித்தாள். ரோஸ்லின் ஒருநாளும் சிரிக்காத ஒரு சிரிப்பு. ஜெயராமே கொஞ்சம் அசந்து போனார். பையிலிருந்து தாளை எடுத்து, காரின் முன்பக்கத்தின் மேலேயே வைத்து, கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவளும் போட்டாள். வளைத்து இழுத்து, அடியில் கோடு போட்டாள். தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கல்பகம் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

அவள் கேட்டை நோக்கி நடந்தாள். நடை வேகமானது. கேட்டைத் தாண்டியதும் ஓடினாள். உப்பல் இருக்கிற திசையில்.

ஜகதீசனும் பிரசன்னாவும் கை குலுக்கினார்கள். விற்றாகிவிட்டது.

ரோஸ்லின் அறைந்துகொண்டே இருந்தாள். முழங்கையால். நெற்றியால். கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை. நெற்றியிலும் வலி இல்லை. அவளிடமும் இனி எதுவும் கெடாது.

பட்டுச்சேலைக்காரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஜன்னலுக்குக் கிட்டத்தில் வந்தாள். குனிந்தாள். ரோஸ்லினின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தாள். இடையில் கண்ணாடி மட்டும். அந்த அம்மாளின் கண்மணிக்குள் ஷெட் தெரிந்தது, வாசல் தெரிந்தது, வெயில் தெரிந்தது. ரோஸ்லின் அந்தக் கண்களுக்குள் கத்தினாள். அம்மா. இங்க. இங்க பாருங்க. நான் இங்க இருக்கேன்.

அந்த அம்மாள் உதட்டைக் குவித்தாள். நெற்றிப் பொட்டை நகத்தால் எடுத்து, அரை அங்குலம் தள்ளி, நேராக ஒட்டிக்கொண்டாள். தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தாள்.

சரியாக இருந்தது. நிமிர்ந்து போய்விட்டாள்.